வெட்டு இருந்தால் நிறுத்தவும்

தொழிற்சாலையில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் வெட்டுக்கிளி. ஒல்லியான உடம்பு, நீளமான கால்கள், எதையும் குனிந்து பார்க்கும் பழக்கம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு.

பிளாஸ்டிக் பூசிய எஃகுக் கம்பியில் பாத்திர ஸ்டாண்டு செய்யும் தொழிற்சாலை அது. கழுவிய தட்டும் கோப்பையும் தண்ணீர் வடிவதற்காகத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்குமே, அந்த வெள்ளை ஸ்டாண்டு. 'ஐந்து வருடம் துருப்பிடிக்காது' என்று அட்டையில் அச்சடித்து விற்றார்கள். பிடித்துவிட்டது என்று யாராவது புகார் எழுதினால், ஒரு லென்ஸையும் ஒரு படிவத்தையும் பையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவது அவள் வேலை. போய்க் குனிந்து பார்ப்பாள். நிமிர்ந்து, "வெட்டு இருக்குங்களே" என்பாள். அத்துடன் உத்தரவாதம் செத்தது.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் முழுசாக மூடியிருக்கும்வரை உள்ளே இருக்கும் எஃகுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்றே தெரியாது. எங்காவது ஒரு வெட்டு விழுந்தால் போதும், அந்த வழியாக ஈரம் உள்ளே போய்க் கம்பி நெடுகத் துரு ஊரும். ஆகவே பூச்சை வெட்டியவருக்கு உத்தரவாதம் கிடையாது. நாலு வருடத்துக்கு முன் அவளே எழுதிய படிவத்தின் முதல் கேள்வி இது: 'கம்பி முனைகளில் வெட்டு, கீறல் உண்டா? உண்டு எனில் இத்துடன் நிறுத்தவும்.' அதற்குக் கீழே இன்னும் பதினோரு கேள்விகள் இருந்தன. அந்தப் பதினொன்றையும் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. தினமும் தட்டு இடிபடும் ஸ்டாண்டில் முனைக் கீறல் இல்லாமல் இருக்குமா? இருநூற்றுப் பதினாறு புகார்கள் வந்தன. இருநூற்றுப் பதினாறும் முதல் கேள்வியிலேயே நின்றன.

தரப் பிரிவின் தலைவர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அவள் உறுதியாக இருந்தாள். நாலு வருடத்தில் ஒரு தீர்ப்புகூடத் தப்பாகவில்லை என்பதே அவளுடைய தகுதி. அதை அவள் சொல்லிக்காட்டுவதும் உண்டு.

திங்கட்கிழமை காலை புதுப் புகார்க் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒன்றில் கை நின்றது. நீல மை, குண்டு குண்டான எழுத்து.

'ஐயா, வாங்கி இரண்டு வருடம் ஒரு மாதம் ஆகிறது. என்னுடைய வெள்ளைக் கோப்பையின் அடியில் பழுப்பு வளையம் விழுகிறது. அந்தக் கோப்பை என் பணி ஓய்வு நாளில் கொடுக்கப்பட்டது. வீட்டில் உள்ளவர்களிடம் மூன்று முறை வாய்மொழியாகச் சொல்லியும் பலனில்லை. நேரில் வந்து பார்க்கவும். பத்து மணிக்குமேல் வீட்டில் இருப்பேன்.'

கீழே முகவரி. அவள் வீட்டு முகவரி. கையெழுத்து, மாமியாருடையது.

கடிதத்தை அடுக்கின் அடிக்குத் தள்ளிவிடலாம் என்று அவள் நினைத்த அதே நொடியில் மேலாளர் உள்ளே வந்தார். குட்டையான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், மூன்றும் எழுதாது.

"பதவி விஷயமா முடிவு பண்றதுக்கு முன்னாடி, நீங்க ஒரு வீட்ல எப்படி ஆய்வு பண்றீங்கன்னு நான் கூட வந்து பாக்கணும்மா. ஏதாவது ஒண்ணு எடுங்க. வேண்டாம், நானே எடுக்கறேன். கையில என்ன?"

"இது வேண்டாம் சார்."

"ஏன்?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது என்றில்லை. சட்டென்று வராது, அவ்வளவுதான். "இது எங்க மாமியார் எழுதினது."

மேலாளர் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப இதுதான். மாமியார் வீட்டுப் புகாரை ஒரு மருமக பாரபட்சமில்லாம பாத்துட்டா, அவளுக்கு எந்தப் பதவியும் கொடுக்கலாம். நாளைக்குப் பத்தரை மணிக்குப் போவோம்."

அவர் போனபின் அவள் தண்ணீர் குடித்தாள். போதவில்லை.

அந்த ஸ்டாண்டில் வெட்டு இருந்தது. கீறல் அல்ல, அசல் வெட்டு. வெட்டியது அவள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஊழியர் விற்பனையில் அதை வாங்கிக்கொண்டு வந்த நாளில், "அளந்து பாத்தியா?" என்று மாமியார் கேட்டார். "தொழிலே இதுதான் அத்தை, அளக்காமலா வாங்குவேன்?" என்று அவள் சொன்னாள். அளக்கவில்லை. ஸ்டாண்டு இரண்டு விரல் நீளம் கூடுதல், குழாயில் இடித்தது. அன்று வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கணவனின் சின்ன ரம்பத்தை எடுத்தாள். கணவன் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவன், வீட்டில் அறுக்கவும் தேய்க்கவும் பொடிப்பொடிக் கருவிகள் கிடக்கும். இரண்டு கம்பிகளின் வாலை அறுத்து, அரத்தால் தேய்த்து, வெள்ளை நகப்பூச்சை இரண்டு தடவை பூசி, ஊதி ஊதிக் காயவைத்தாள். மாலையில் ஸ்டாண்டு இடிக்காமல் உட்கார்ந்திருந்தது. "பாத்தீங்களா அத்தை, அளவெடுத்த மாதிரி" என்றாள். அளவெடுத்த மாதிரிதான்.

இப்போது 'வெட்டு உண்டு' என்று எழுதினால், வெட்டியது யார் என்ற கேள்வி வரும். 'வெட்டு இல்லை' என்று எழுதினால், மேலாளருக்கும் கண் உண்டு. இருநூற்றுப் பதினாறு பேரிடம் உபதேசம் செய்தவளின் வீட்டிலேயே ரம்பம். நாற்காலி போகும், பேரும் போகும்.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. சாம்பிள் அறையிலிருந்து புது ஸ்டாண்டு ஒன்றை எடுத்துப்போய் மாற்றி வைத்துவிடுவது. ஐந்து மணிக்குச் சாம்பிள் அறை வாசல்வரை போய் நின்றாள். முதலில் வீட்டு ஸ்டாண்டின் மாடல் எண்ணைப் பார்த்து வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு இல்லை. கழுவிய தட்டுகள் சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டின்மேல் குப்புறக் கிடந்தன.

"அத்தை, ஸ்டாண்டு எங்க?"

மாமியார் குறுக்கெழுத்துப் போட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என் பீரோல இருக்கு. தலையணை உறையில சுத்திப் பூட்டி வெச்சிருக்கேன்."

"பாத்திர ஸ்டாண்டை எதுக்குப் பூட்டணும்?"

"சாட்சிப் பொருள். ஆய்வுக்கு ஆள் வருதில்ல? அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

மாமியார் முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கழிப்பறைக்குள் ஒளிந்தவரை, தூங்குவதுபோல நடித்தவரை, நேற்றைய டிக்கெட்டின் தேதியைத் திருத்தியவரை எல்லாம் பிடித்தவர். ஓய்வு பெற்றபின் பிடிக்க ஆளில்லாமல் வீட்டில் இருந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை. ஆபீசுக்கு எதுக்குக் கடிதம்?"

"மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் 'பாக்கறேன் அத்தை'ன்னே. திரும்பியாவது பாத்தியா? ஊருக்கெல்லாம் பூதக்கண்ணாடி தூக்கிட்டுப் போற. என் கோப்பைக்கு வெறுங்கண்ணுகூட இல்ல." பிறகு ஓரக்கண்ணால் பார்த்தார். "ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு? ஸ்டாண்டுல ஏதாவது வில்லங்கமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு சொல்றவங்க பையைத்தான் நாங்க முதல்ல திறப்போம்" என்றார் மாமியார், கட்டங்களை நிரப்பிக்கொண்டே.

கணவன் அடுப்படியில் பாதி உடம்பும் கூடத்தில் பாதி உடம்புமாக நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் நிற்கும் இடம் அதுதான். "அம்மா, நாளைக்கு நானும் லீவு போடட்டுமா?" என்றான்.

"போடு. சாட்சி எத்தனை இருந்தாலும் நல்லதுதான்."

மறுநாள் பத்து இருபத்தெட்டுக்கு மேலாளர் வந்தார். மாமியார் அவருக்குத் தேநீர் கொடுத்தார், அதே வெள்ளைக் கோப்பையில். மேலாளர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்தார். பழுப்பு வளையம், முத்திரை குத்தினதுபோல.

"நல்லா விழுந்திருக்கு" என்றார்.

"தேய்ச்சுப் பாத்துட்டேன். போகலை. கோப்பை போனா பரவாயில்ல, உள்ள என்ன போகுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று மாமியார் சொன்னதும் மேலாளர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

பீரோ திறந்தது. தலையணை உறை அவிழ்ந்தது. ஸ்டாண்டு மேசைமேல் ஏறியது. வெட்டுக்கிளி லென்ஸை எடுத்தாள், படிவத்தை விரித்தாள்.

"படிச்சுச் சொல்லிட்டே பண்ணுங்கம்மா" என்றார் மேலாளர்.

"முதல் கேள்வி. கம்பி முனைகளில் வெட்டு, கீறல் உண்டா?" அவள் குனிந்தாள். நூற்றுக்கணக்கான முறை குனிந்த அதே முதுகு. இன்றைக்கு மட்டும் கனத்தது. "உண்டு. வலது பக்கம் ரெண்டு கம்பி. ரம்பத்தால அறுத்திருக்கு."

"அப்ப நிறுத்தவும். முடிஞ்சது." மேலாளர் ஒரு பேனாவை எடுத்து, அது எழுதாததால் இன்னொன்றை எடுத்தார். "வெட்டியவர், தெரிந்தால், அப்படின்னு ஒரு கட்டம் இருக்கே?"

மாமியார் மின்விசிறியைப் பார்த்தார். அதில் தூசி இருக்கிறதா என்று ஆராய்வதுபோல.

"நான்தான் வெட்டினேன்" என்றான் கணவன், பாதி உடம்பிலிருந்து முழு உடம்புக்கு வந்து.

"நீ சும்மா இரு" என்றார் மாமியார். "பல்லு அறுக்கறவன் வெட்டினா இவ்வளவு கோணலாவா இருக்கும்?"

மேலாளர் சிரிப்பை அடக்க இருமினார். வெட்டுக்கிளி லென்ஸை மேசையில் வைத்தாள்.

"நான் வெட்டினேன் சார். வாங்கின அன்னிக்கே. அளந்தேன்னு அத்தைகிட்ட சொன்னது பொய். ரெண்டு விரல் கூடுதலா இருந்துச்சு. ரம்பத்தால அறுத்துட்டு, மேல நெயில் பாலிஷ் போட்டு மூடினேன். எழுதிக்கங்க."

"அன்னிக்கே தெரியும்" என்றார் மாமியார், மின்விசிறியிடமே. "தொட்டியில இரும்புத் தூள் இருந்துச்சு. பத்து விரல்ல ஒரு விரல்லகூடப் பூச்சு இல்லாத பொண்ணுக்குப் புது நெயில் பாலிஷ் பாட்டில் எதுக்கு? ரெண்டு வருஷம் பொறுத்தேன். நீயா சொல்லுவேன்னு."

"அப்ப எதுக்கு அத்தை இப்பக் கடிதம்?"

"கோப்பைக்கு வந்துடுச்சே!"

மேலாளர் கடைசிப் பேனாவையும் உதறிப் பார்த்தார். "சரி, வருத்தமான விஷயம்தான். ஆனா படிவப்படி முடிவு தெளிவா இருக்கு. வெட்டு, அதனால துரு, அதனால உத்தரவாதம் இல்ல. இருநூத்துப் பதினேழு."

அவள் வெட்டின முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி லென்ஸை எடுத்து ஒரு முனையைப் பார்த்தாள், அடுத்த முனையைப் பார்த்தாள். முதல் முனைக்குத் திரும்பினாள்.

"சார், இங்க துரு இல்ல."

"என்ன?"

"வெட்டு இருக்கு, துரு இல்ல. நெயில் பாலிஷ் அப்படியே ஒட்டியிருக்கு. ஒரு பொட்டு பழுப்புகூட இல்ல." அவள் குரலில் ஒரு நொடி கைவேலைக்காரியின் பெருமை எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. "அப்ப கோப்பைல விழுந்த கறை எங்கிருந்து வந்துச்சு?"

"அதைத்தானே நான் கேட்டு எழுதினேன்" என்றார் மாமியார்.

படிவம் 'நிறுத்தவும்' என்றது. நாலு வருடத்தில் முதல் முறையாக அவள் நிறுத்தவில்லை. ஸ்டாண்டைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

அடியில், நீளவாக்கில் போகும் நடுக்கம்பியில், ஒரு சாண் இடைவெளியில் இரண்டு பொட்டுகள். எள்ளளவு. ஒவ்வொன்றிலிருந்தும் பழுப்புக் கோடு ஒன்று இறங்கி, கோப்பைகள் நிற்கும் வரிசைக்குப் போயிருந்தது. பொட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் கொப்புளம்போல உப்பியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கிளப்பினாள். பூச்சு கையுறைபோல ஒரு அங்குலம் கழன்று வந்தது. உள்ளே கம்பி கரி நிறத்தில் இருந்தது, பொடியாக உதிர்ந்தது.

கணவன் "ஐயோ" என்றான், பல் பிடுங்குவதைப் பார்த்தவன்போல.

"இது என்ன?" என்று கேட்டார் மாமியார்.

"கொக்கி போட்ட இடம் அத்தை." அவள் இப்போது யாரிடமும் எதையும் மறைக்கவில்லை, ஆகவே பேச்சும் நேராக வந்தது. "ஸ்டாண்டைச் சூடு பண்ணி, ரெண்டு கொக்கியில மாட்டி, பிளாஸ்டிக் பொடி நிரப்பின தொட்டிக்குள்ள முக்குவாங்க. பொடி உருகி எல்லா இடத்துலயும் ஒட்டிக்கும். கொக்கி தொட்ட ரெண்டு இடத்துல மட்டும் ஒட்டாது. வெளிய எடுத்து, சூடு ஆறறதுக்குள்ள அந்த ரெண்டு இடத்துலயும் ஒரு சொட்டு வெச்சு மூடணும். இதுல ஆறினப்புறம் வெச்சிருக்காங்க. மேல பார்த்தா மூடின மாதிரி இருக்கும். அடியில பிடிப்பே இல்ல. தண்ணி போயிருக்கு."

"பிளாஸ்டிக் துருப்பிடிக்காதுன்னு அட்டையில போட்டிருந்ததே?"

"பிளாஸ்டிக் துருப்பிடிக்கலை அத்தை. உள்ள பிடிச்சதை வெளிய தெரியாம மூடி வெச்சிருந்துச்சு."

"நம்ம வீட்ல சிலபேர் மாதிரி" என்றார் மாமியார்.

மேலாளர் கறையை மறந்துபோய்த் தேநீரை எடுத்துக் குடித்தார். நினைவு வந்து வைத்தார். அவர் முகத்தில் காலையிலிருந்த வெளிச்சம் இல்லை. "அம்மா, ஒரு கேள்வி. அந்த இருநூத்துப் பதினாறு ஸ்டாண்டுல, எத்தனையைத் திருப்பிப் பாத்தீங்க?"

இதற்கும் அவள் பொய் சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணைக்கூட இல்ல சார். முதல் கேள்வியோட நிறுத்திட்டேன். அந்தக் கேள்வியை எழுதினதும் நான்தான்."

இருவரும் ஒரே வண்டியில் திரும்பினார்கள். தொழிற்சாலைக்குப் போனதும் அவள் பின்பக்கக் கொட்டகைக்குப் போனாள். தீர்ப்புப் பிடிக்காமல் ஸ்டாண்டைத் திருப்பி அனுப்பிவிட்டவர்களின் முப்பத்தெட்டு ஸ்டாண்டுகள் அங்கே குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். முப்பத்தொன்றில் அதே இடத்தில் அதே இரண்டு பொட்டு. மீதி ஏழில் வெட்டு உண்மையாகவே வெட்டு. அந்த ஏழைப் பார்த்து அவள் கொஞ்சம் ஆறுதல் அடைந்தாள். ஏழு, ஆறுதலுக்குப் போதுமான எண்ணிக்கை இல்லை.

அப்புறம் உப்புப் பெட்டி. தொழிற்சாலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு, உள்ளே இரவும் பகலும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் பனிபோலத் தூவிக்கொண்டிருக்கும். சமையலறையில் பல வருடம் படும் பாட்டைக் கம்பி அதற்குள் சில வாரத்தில் பட்டுவிடும். கொக்கிப் பொட்டு வைத்த கம்பித் துண்டு ஒன்றையும், அறுத்து நகப்பூச்சுப் பூசிய துண்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தொழிற்சாலைச் சொட்டு நாலாம் நாள் பழுப்புக் கண்ணீர் விட்டது. நகப்பூச்சு பதினோராம் நாள்வரை தாங்கியது. சொட்டு வைக்கும் பகுதியிலிருந்த பெண்கள் பெட்டியின் முன்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி பாட்டில் அக்கா?" என்று கேட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் மேலாளர் கூப்பிட்டார்.

"நாற்காலி விஷயம். தப்பான தீர்ப்பே இல்லைங்கறதுதானே உங்க தகுதி? அது போச்சு."

"தெரியும் சார்."

"பொடிக்கு நிறம் கலக்கற சாயப் பிரிவுக்காரருக்குக் கொடுக்கலாம்னு பாத்தேன். அவர் உப்புப் பெட்டியைத் திறந்து பாத்துட்டு, இந்த இருநூத்துச் சொச்சம் பேருக்கு யார் பதில் எழுதறதுன்னு கேட்டார். நீங்கதான்னேன். அன்னிக்கே லீவு போட்டுட்டார். அதனால மூணு மாசத்துக்கு நாற்காலி காலி. வேலையை நீங்க பாருங்க. பலகையில பேரு மட்டும் இப்ப வேண்டாம். கடைசிக் கடிதம் போனதும் பேசுவோம்."

அவள் படிவத்தைத்தான் முதலில் மாற்றினாள். 'ஸ்டாண்டைக் கவிழ்த்துப் பார்க்கவும்' என்பது முதல் கேள்வியானது. வெட்டு பன்னிரண்டாவது இடத்துக்குப் போனது. பிறகு கடிதங்கள். முதல் கடிதத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாமியார் அதை வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவைக் கேட்டார்.

"'கவனக்குறைவு நிகழ்ந்திருக்கக்கூடும்'னு எழுதியிருக்கியே, இது என்ன? டிக்கெட் எடுக்காம வந்தவன் இப்படித்தான் பேசுவான். 'எடுக்க முடியாம போயிருக்கக்கூடும்'பான். நீ பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கலை."

"அப்ப 'நான் திருப்பிப் பார்க்கவில்லை'ன்னு போடு. ஒரு வார்த்தை கூடினாலும் பரவாயில்ல."

போட்டாள். இருநூற்றுப் பதினாறு கடிதங்களிலும் அந்த வரி அப்படியே போனது. பதில் எழுதியவர்களில் ஒருவர், ஸ்டாண்டு வேண்டாம், இந்தக் கடிதத்தையே கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

மாமியாருக்குப் புது ஸ்டாண்டு வந்தது. கொக்கி தொட்ட இடத்தில் சூடாறும் முன்பே சொட்டு வைத்தது, உப்புப் பெட்டியில் தேறிய ரகம். அட்டையைப் பிரித்து, அவரே கவிழ்த்து, லென்ஸை வாங்கி அடியைப் பார்த்தார். திருப்தி. தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

குழாயில் இடித்தது. அதே மாடல், அதே இரண்டு விரல்.

வெட்டுக்கிளி அதைப் பார்த்தாள். மாமியார் அதைப் பார்த்தார். கணவன் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே தன் இடத்தில் போய் நின்றுகொண்டான்.

"வெட்டினா உத்தரவாதம் போயிடும் அத்தை" என்றாள் அவள். "இந்தத் தடவை எழுதினாலும் கிடைக்காது. புது உத்தரவாதத்துல நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தெரியும்." மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தார். "டேய், ரம்பத்தை எடு. இந்தத் தடவை நீ வெட்டு, நேரா இருக்கும்." அப்புறம் மருமகளிடம் திரும்பினார். "பாட்டில் இருக்கா?"

"வெள்ளை தீந்துபோச்சு. உப்புப் பெட்டிக்கே சரியாயிடுச்சு."

மாமியார் தன் பீரோவைத் திறந்து, தலையணை உறைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து வந்தார். பளீரென்ற சிவப்பு, இன்னும் மூடி திறக்காதது.

"இதைப் போடு" என்றார். "வெட்டினது நாமதான்னு எவன் வந்து பாத்தாலும் வாசல்லயே தெரியணும்."